ஒரு படிப் பனி

பாலீதார்
6.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சௌந்திரம் எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் உடம்பும் அண்ணியின் முழங்காலும் எப்படி இருக்கின்றன? உங்கள் பையன் காளிதாஸ் லாரியோடு ஊர் திரும்பிவிட்டானா? மருமகள் சுகன்யாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

முந்தாநாள் போனில் நீங்கள் திட்டி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. பாதித் திட்டு பாக்கி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மீதியைக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். இங்கே ஊருக்கு மேலே அரை மணி நேரம் ஏறினால் ஒரு கொண்டை ஊசி வளைவு வரும். அங்கே மட்டும்தான் போன் எடுக்கிறது.

சேலத்தில் ஏறி, டெல்லியில் மாறி, மலையடிவாரம் வரை ரயில். அதற்கப்புறம் ஏழு மணி நேரம் ஜீப். ஜாக்குலின் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். எட்டு வருஷமாக இந்தப் பாதையில் போய் வருகிறவள் அவள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டுக்காரரைச் சேலத்தில் சேர்த்திருந்தபோது நம்மை அதட்டி அதட்டிப் பார்த்துக்கொண்ட அந்த நர்சம்மாவா இப்படிச் சுருண்டு கிடக்கிறாள் என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

ஆஸ்பத்திரி சின்னது. இருபது கட்டில். சமையற்காரர் குளிருக்குப் பயந்து ஒவ்வொரு கார்த்திகையிலும் கீழே இறங்கிவிடுவாராம். பங்குனி வரை அவர் இடத்தில் நான். காலையில் கஞ்சி, மதியம் சோறு பருப்பு, மாலை ரொட்டி. ரொட்டி போடப் பசந்தி என்று இந்த ஊர்க்காரி ஒருத்தி இருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். அவள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவளுக்குப் புரியவில்லை. நேற்று முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தோம்.

எதற்கு இந்த வயதில் அவ்வளவு தூரம் என்று கேட்டீர்கள். பனி பெய்வதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை அண்ணா. உண்மையே அதுதான்.

அன்புத் தங்கை,
சௌந்திரம்

---

பரமத்தி வேலூர்
19.11.2024

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்கு முழங்கால் மழைக்கு வலிக்கிறது, வெயிலுக்கு விடுகிறது. உன் உடம்பைக் குளிர் படாமல் பார்த்துக்கொள்.

மீதித் திட்டை எழுத உட்கார்ந்தேன். பேனாவை எடுத்ததும் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. மாப்பிள்ளை போய் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் ஊர் பேர் தெரியாத மலைக்குச் சமைக்கப் போனாள் வெங்கடாசலத்தின் தங்கை என்று நம் சனம் பேசுகிறது. பேசட்டும். மேற்குப் பக்கத்து அறையை உனக்காக வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் வந்து சேர். பங்குனி வரை வேண்டாம்.

வெற்றிலைக் கொடிக்காலில் கொடி கட்டும் வேலை நடக்கிறது. அகத்தி இந்த வருஷம் நன்றாக நிழல் கட்டியிருக்கிறது. வெற்றிலை கிள்ள ஆள்தான் கிடைக்கவில்லை.

இனிமேல் போன் வேண்டாம், கடிதமே எழுது. போனில் நீ சொல்வது அடுத்த நிமிஷம் மறந்துபோகிறது. உன் கடிதத்தை நான் இரண்டு தரம் படித்துவிட்டேன். படித்ததும் சில சந்தேகம். அந்த உயரத்தில் சோறு வேகிறதா? காக்கை இருக்கிறதா? விடிந்ததும் தண்ணீர் எப்படித் தொடுகிறாய்? ஊர்க்காரர்கள் குளிரில் என்னதான் செய்வார்கள், எல்லோரும் வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு கிடப்பார்களா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஆசிகளுடன்,
அண்ணன் வெங்கடாசலம்

---

பாலீதார்
3.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் பன்னிரண்டாம் நாள் வந்தது. நலம் அறிந்து சந்தோஷம். எனக்கு உதடு வெடித்திருப்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சோறு குக்கரில்தான் வேகும். சாதாரணப் பானையில் வைத்தால் வெளியே குழைந்து உள்ளே விதையாக நிற்கிறது. காக்கை இருக்கிறது; நம் ஊர்க் காக்கையைவிடப் பெரிது, முழுக் கறுப்பு, குரலில் அதட்டல் அதிகம். விடியற்காலைத் தண்ணீரைத் தொட முடியாது. பசந்தி விறகடுப்பில் அண்டா வைத்துவிடுவாள்.

வீட்டுக்குள் கிடப்பார்களா என்று கேட்டீர்களே, அதுதான் அதிசயம். இந்த ஊரே வெயிலின் பின்னால் நடக்கிறது. காலை ஒன்பது மணிக்கு முதல் வெயில் போஸ்ட் ஆபீஸ் சுவரில் விழும். போஸ்ட் மாஸ்டர் நாற்காலி, தராசு, முத்திரை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வந்துவிடுவார். உங்களுக்கு வருகிற கடிதத்தின் முத்திரை வெயிலில் உட்கார்ந்து குத்தியதுதான். பதினொரு மணிக்கு வெயில் எங்கள் மொட்டை மாடிக்கு வரும். நடக்க முடிந்த நோயாளி எல்லாம் மேலே. இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்து மைதானம். சவரக்காரர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கூடவே போகிறார். பாதிச் சவரம் ஓர் இடத்தில், மீதி இன்னோர் இடத்தில். நான்கு மணிக்குக் கோவில் படிக்கட்டில் கடைசி வெயில். பஸ்ஸில் நிற்பதுபோல நெருக்கியடித்து நிற்பார்கள். வெயில் போன ஐந்தாம் நிமிஷம் தெருவில் நாய்கூட இருக்காது.

மாடியில் ஒரு தின்பண்டம் தின்றோம். இங்கே சின்னத் தேங்காய் அளவுக்கு எலுமிச்சை காய்க்கிறது. அதை உரித்துச் சுளையைப் பிய்த்து, முள்ளங்கி, தயிர், வெல்லம், பச்சை மிளகாய் போட்டு, ஒரு விதையை வறுத்து அரைத்துப் பிசைகிறார்கள். புளிப்பும் இனிப்புமாகக் காதுவரை ஏறுகிறது. தின்று முடித்தபிறகுதான் அது கஞ்சாச் செடியின் விதை என்று ஜாக்குலின் சொன்னாள். விதையில் போதை கிடையாதாம். மாதா மேல் சத்தியம் செய்தாள்.

இன்னொன்று கேளுங்கள். சரக்கறையில் ஒரு மூட்டை. பிரித்துப் பார்த்தால் கொள்ளு! நம் கொள்ளேதான் அண்ணா. குளிருக்கு அதைத்தான் பருப்பாக வைக்கிறார்கள். பக்கத்து மூட்டையில் ராகி. இரண்டாயிரம் மைல் தள்ளி வந்து நம் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கொள்ளு ரசம் வைத்தேன். எலும்பு முறிந்த ஒரு கிழவர் மூன்று தரம் கேட்டு வாங்கிக் குடித்தார். களி கிண்டினேன். பசந்தி அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். மறுநாள் அவளே சட்டியைத் திறந்து தேடினாள்.

அண்ணியையும் சுகன்யாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

சௌந்திரம்

---

பரமத்தி வேலூர்
16.12.2024

அன்புள்ள சௌந்திரம்,

நாங்கள் நலம். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் போடு. அங்கே உறைந்து கட்டியாக இருக்குமே, அதையும் எழுது.

உன் கடிதத்தைக் கொடிக்காலுக்கு எடுத்துப்போய் வெற்றிலை கிள்ளுகிறவர்களுக்குப் படித்துக் காட்டினேன். கொள்ளு வந்த இடத்தில் வேலை நின்றுவிட்டது. அங்கே அதை எப்போது விதைப்பார்கள், மானாவாரியா, காய் எப்படி இருக்கும் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். விசாரித்து எழுது. கஞ்சா விதை தின்றதை அண்ணியிடம் வாசிக்காமல் தாண்டிவிட்டேன்.

சவரக்காரர் விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நேற்று நானும் கட்டிலை வெயிலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் தலை சுற்றியது. நம் வெயில் வேறு.

இங்கே மார்கழிப் பனி இறங்குகிறது. விடியற்காலையில் வெற்றிலை முழுக்க நனைந்து கிடக்கிறது. நான் மப்ளர் சுற்றிக்கொண்டு போகிறேன். நம் ஊரில் இதைத்தானே பனி என்கிறோம்? நீ சொல்கிற பனி இதுவரை என் மனதில் பிடிபடவே இல்லை. மாவு மாதிரியா, உப்பு மாதிரியா? ஒரு காரியம் செய். பனி பெய்ததும் நம் படிக்கு ஒத்த பாத்திரம் ஒன்றில் தலை தட்டி ஒரு படி அள்ளி, உருக வைத்து, எத்தனை தண்ணீர் நிற்கிறது என்று அளந்து எழுது. அடுத்து, பனி மூடின நிலத்தை ஒரு சாண் தோண்டிப் பார். அடியில் மண் ஈரமாக இருக்கிறதா, காய்ந்து கிடக்கிறதா, புழு பூச்சி உயிரோடு இருக்கிறதா?

தையில் வருவாய்தானே? அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை நீ.

அண்ணன் வெங்கடாசலம்

---

பாலீதார்
2.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்து. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது. கரண்டிக் காம்பால் குத்தி எடுக்கிறேன்.

பெய்துவிட்டது அண்ணா.

சனிக்கிழமை காலையில் எழுந்தால் ஒரு சத்தமும் இல்லை. தினமும் கேட்கிற ஓடைச் சத்தம், ஜீப் சத்தம், காக்கை, எதுவுமே இல்லை. காது போய்விட்டதோ என்று பயந்து கையைத் தட்டிப் பார்த்தேன். கதவைத் திறந்தால் வெளியே படியைக் காணோம். சுவர், விறகு அடுக்கு, பசந்தியின் துடைப்பம் எல்லாமே பருமனாகி வெள்ளையாக நிற்கின்றன. இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது. மழைபோல விழவில்லை. இலவம்பஞ்சு வெடித்துப் பறக்கும்போது எங்கே இறங்கலாம் என்று யோசித்து யோசித்து வருமே, அப்படி வந்தது. கையில் பட்டதும் சுடுவதுபோல ஓர் உணர்ச்சி. அப்புறம்தான் குளிர்ந்தது.

மாவும் இல்லை, உப்பும் இல்லை. முதல் நாள் துருவின தேங்காய்ப்பூ மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் மிதித்தால் வறட்டு மணல்போல நறநறவென்றது. மூன்றாம் நாள் கண்ணாடி.

படியளவு பார்த்தேன். ஆஸ்பத்திரியின் எவர்சில்வர் பாத்திரம் ஏறக்குறைய நம் படி. தலை தட்டி அள்ளி, அடுப்புப் பக்கம் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். நோயாளிகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து பந்தயம் கட்டினார்கள். முக்கால் படி என்றார் கிழவர். அரைப் படி என்றாள் பசந்தி. நின்றது ஒரு டம்ளர்கூட இல்லை. அவ்வளவுதான் அண்ணா. மீதியெல்லாம் காற்று.

தோண்டியும் பார்த்தேன். மேலே ஒரு விரற்கடைக்கு மண் கெட்டியாக இருந்தது. அதற்கடியில் ஈரம், பொலபொலவென்று. ஒரு மண்புழு சுருண்டு கிடந்தது. உயிர் இருந்தது. திரும்ப மூடிவிட்டேன். கொள்ளு ஆனியில் மானாவாரி விதைப்பாம். காய் நம் காய்தான்.

இதை மட்டும் நீங்களே படித்துவிட்டு மடித்து வையுங்கள். பசந்தி அரிசிச் சாக்கை மடித்து உட்கார்ந்து சரிவில் சறுக்கினாள். என்னையும் இழுத்தாள். ஐம்பத்து மூன்று வயதில் நான் சாக்கில் உட்கார்ந்து ஒரு மலைச் சரிவு முழுக்கச் சறுக்கி, வேலியில் போய் மோதி விழுந்தேன். எழுந்து திரும்ப ஏறினேன். நான்கு தரம். அப்படி நான் சிரித்துப் பல வருஷம் ஆகியிருக்கும்.

பொங்கலன்று வளைவுக்கு ஏறிப் போன் செய்கிறேன். ஒரு விஷயம் பேச வேண்டும். கடிதத்தில் எழுத வரவில்லை. வீட்டிலேயே இருங்கள்.

சௌந்திரம்

---

பாலீதார்
30.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம்தானே? உங்களிடமிருந்து கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது.

பொங்கலன்று பேசினேன். நீங்கள் கொடிக்காலுக்குப் போயிருப்பதாக அண்ணி சொன்னார்கள். பொங்கல் அன்றா என்று கேட்டேன். தண்ணீர் முறை என்றார்கள். மறுவாரம் திரும்ப ஏறினேன். அப்போதும் கொடிக்கால். அண்ணி இரண்டு வார்த்தையில் வைத்துவிட்டார்கள். பின்னால் யாரோ அண்ணியைக் கூப்பிட்டது கேட்டது.

தையில் வரவில்லை என்று கோபமா? கோபம் என்றால் எழுதித் திட்டுங்கள், முன்போல. பேசாமல் இருக்காதீர்கள். போஸ்ட் மாஸ்டர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை விரித்துவிடுகிறார்.

இங்கே மறுபடி பெய்கிறது. எழுத நிறைய இருக்கிறது. பதில் வந்தால் எழுதுகிறேன்.

சௌந்திரம்

---

பரமத்தி வேலூர்
10.2.2025

அன்புள்ள சௌந்திரம்,

இங்கே அனைவரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

கோபம் எதுவும் இல்லை. ஏணியில் சறுக்கி வலது மணிக்கட்டு பிசகிக்கொண்டது. கட்டுப் போட்டிருக்கிறது. நான் சொல்லச் சொல்லச் சுகன்யா எழுதுகிறாள். போன் செய்வதற்காக அந்த வழுக்கலில் ஏறாதே. எனக்கும் காதில் இரைச்சலாக இருக்கிறது, போனில் ஒன்றும் விளங்குவதில்லை.

தையில் வரச் சொன்னதை மறந்துவிடு. பங்குனி வரை இருந்து எல்லாம் பார்.

படியளவு கடிதம் கிடைத்தது. ஒரு டம்ளர்தானா? அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் கொஞ்சம் கேட்கிறேன். உன் சன்னல் எந்தத் திசை? அதில் என்னென்ன தெரிகிறது, இடமிருந்து வலமாகச் சொல். பனி கூரையிலிருந்து சரிந்து விழுமாமே, அதற்கு என்ன சத்தம்? கட்டிலிலிருந்து அடுப்படிக்கு எத்தனை அடி? வெயில் மாடியில் எவ்வளவு நேரம் நிற்கிறது?

ஒரு நாள் முழுவதையும் எழுது. எழுந்ததிலிருந்து படுக்கப் போகும் வரை. எதையும் விடாதே, எவ்வளவு நீளமானாலும் சரி. எங்களுக்கு நேரம் இருக்கிறது.

அண்ணன்,
வெங்கடாசலம்

---

பாலீதார்
23.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் நலம். மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

கேட்டபடி ஒரு நாளை எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு எழுகிறேன். சன்னல் வடக்குப் பார்த்தது. இடது கோடியில் தேவதாரு மரம் மூன்று; நடுமரத்தில் இடி விழுந்து தலை இல்லை. அப்புறம் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை. அதற்கப்புறம் பள்ளம், பள்ளம் முழுக்க மேகம், பால் பொங்கி வாய்விளிம்பில் நிற்பதுபோல. அதற்கு மேலே வலது கோடி வரை பனிமலை வரிசை. கட்டிலிலிருந்து அடுப்படிக்குப் பதினேழு அடி. செருப்பில்லாமல் நடந்தால் தரை கடிக்கும்.

இரும்புச் சட்டியில் கரி மூட்டி நடுவில் வைத்துக்கொண்டு பசந்தியும் நானும் முதல் டீ குடிப்போம். டீயில் இஞ்சியும் மிளகும். அவள் வீட்டு நாய் கூட வரும். அதன் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை. சிறுத்தை கழுத்தைத்தான் கவ்வுமாம். அந்தப் பட்டையோடு அது அடுப்போரம் படுத்துக் குறட்டை விடுவதைப் பார்க்க வேண்டும்.

எட்டு மணிக்குக் கஞ்சி. பதினொரு மணிக்கு மாடி. இப்போது வெயில் இரண்டரை மணி நேரம் நிற்கிறது, மார்கழியில் ஒன்றரைதான் நின்றது. மாடியில் பெண்கள் பேசிக்கொண்டே கம்பளி பின்னுவார்கள், கையைப் பார்ப்பதே இல்லை. நானும் பின்னுகிறேன். காலுறை என்று தொடங்கியது இப்போது எதில் போடுவது என்று தெரியாமல் குழாயாக நீண்டுகொண்டிருக்கிறது. வெயில் ஏறினதும் கூரைப் பனி சரியும். முதலில் புடவை இழுபடுகிற மாதிரி ஒரு சரசரப்பு, அப்புறம் நெல் மூட்டை விழுந்த மாதிரி ஒரே தொம்.

மாலை ஐந்தரைக்கு மலை நிறம் மாறும். சந்தனம், அப்புறம் செம்பருத்தி, அப்புறம் ஆறின சாம்பல். பத்து நிமிஷம்தான். கட்டிலில் இருக்கிறவர்களையும் சன்னல் பக்கம் திருப்பி வைப்போம். எழுந்து நடக்க முடியாதவர்கள்தான் அதை ரொம்ப உற்றுப் பார்க்கிறார்கள். எட்டு மணிக்குச் சுடுதண்ணீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்தால் அந்தச் சுகத்தை எதற்கும் விட்டுத்தர மாட்டேன்.

கேட்டதெல்லாம் எழுதிவிட்டேன். இனி நான் கேட்கிறேன்.

நீங்கள் கொடிக்காலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நாற்பது வருஷத்தில் அதைப் பேசாமல் நீங்கள் ஒரு நாளும் இருந்ததில்லை. கேட்டிருக்கும் கேள்வி எல்லாம் படுத்திருக்கிறவர் கேட்கிற கேள்வி. கடிதத்தின் அடியில் உங்கள் பேரை மட்டும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது இடது கை. உங்கள் மாப்பிள்ளைக்குப் பக்கவாதம் வந்த முதல் மாதம் பென்ஷன் தாளில் அப்படித்தான் எழுதினார். அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும் அண்ணா.

சுகன்யா, இதை நீதானே வாசிக்கிறாய்? மாமா சொல்வதை எழுத வேண்டாம். நீயாக எழுது.

சௌந்திரம்

---

பரமத்தி வேலூர்
7.3.2025

அன்புள்ள அத்தைக்கு,

சுகன்யா வணக்கத்துடன் எழுதுகிறேன். நலமா இருக்கீங்களா என்று கேட்கவே கை கூசுகிறது. கடைசி இரண்டு பத்தியை மாமாவிடம் வாசிக்கவில்லை. இதை நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

நீங்கள் நினைத்தது சரி. ஜனவரி ஒன்பதாம் தேதி காலையில் கொடிக்காலில் விழுந்துவிட்டார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. நாமக்கல்லில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பொங்கலன்று நீங்கள் கூப்பிட்டபோது உங்கள் அண்ணி அங்கேதான் வராந்தாவில் நின்று பேசினார்கள். என்ன ஆகும் என்றே தெரியாத நேரம், உங்களைப் பதறவைக்க மனம் வராமல் கொடிக்கால் என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் பனிக் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. நான் கட்டில் பக்கம் உட்கார்ந்து வாசித்தேன். அதுவரை ஏழு நாளாக அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. படியளவு வந்ததும் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். “ஒரு டம்ளரா?” என்றார். டாக்டரைக் கூட்டி வந்து திரும்பச் சொல்லச் சொன்னோம். சொன்னார். உங்கள் அண்ணி அழுதுவிட்டார்கள்.

அன்று சாயந்திரமே உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. “ஒம்போது வருசம் ஒரே ரூமுக்குள்ள கெடந்துச்சு அந்தப் புள்ள. இப்பத்தான் வெளிய போயிருக்குது. எனக்கு இப்பிடின்னு தெரிஞ்சா அடுத்த ரயிலேறி வந்துரும். வந்தா மறுக்கா எங்கயும் போகாது. ஆரும் மூச்சு உடக்கூடாது.” எல்லோர் கையையும் இடது கையால் பிடித்துச் சத்தியம் வாங்கினார். போன் வேண்டாம் என்றது பேச்சு குழறுகிறது என்பதால்தான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா தினமும் ஏதாவது சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். செய்தித்தாள் கொடுத்தோம், தள்ளிவிட்டார். உங்கள் கடிதங்களைத்தான் படிக்கிறார். தினம் காலையில் ஒன்று. சவரக்காரர் வருகிற இடத்தில் ‘ச’ சரியாக விழும்வரை திரும்பத் திரும்பப் படிப்பார். இப்போது முக்கால்வாசி புரிகிறது. கால் பரவாயில்லை, பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். கைதான் இன்னும் வரவில்லை.

நீங்கள் வாங்க என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, வராதீங்க என்றும் சொல்லத் தெரியவில்லை. தெரிய வேண்டியது உங்களுக்கு என்று தோன்றியது. அதனால் எழுதிவிட்டேன். சத்தியம் மீறினதற்கு மாமா என்னைத் திட்டட்டும்.

சுகன்யா

---

பாலீதார்
19.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு எப்படி என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

சுகன்யாவைத் திட்டாதீர்கள். அவள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

கடிதத்தைப் போஸ்ட் ஆபீஸ் சுவரோரம் வெயிலில் நின்று படித்தேன். படித்ததும் அறைக்கு வந்து பெட்டியை எடுத்துத் துணி அடுக்கத் தொடங்கிவிட்டேன். ஜாக்குலின் ரயில் டிக்கெட் பார்க்கக் கிளம்பிவிட்டாள். பசந்தி வாசலில் நின்று பார்த்தாள். எங்கே என்று கையால் கேட்டாள். அண்ணனுக்கு உடம்பு முடியவில்லை என்று எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையில் சொன்னேன். எப்போது வருவாய் என்று கேட்டாள். பாதி அடுக்கின பெட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் செய்தது எனக்குப் புரிகிறது அண்ணா. இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் கோபம் வந்தது. என்னைக் கட்டிக்கொடுத்தபோது நான் எங்கே போக வேண்டும் என்று அப்பா சொன்னார். உங்கள் மாப்பிள்ளை படுத்தபோது நான் எங்கே இருக்க வேண்டும் என்று மாமனார் வீட்டில் சொன்னார்கள். அவர் போனதும் மேற்கு அறை என்று நீங்கள் சொன்னீர்கள். இப்போது வராதே என்பதையும் நீங்களேதான் தீர்மானித்தீர்கள், என்னைக் கேட்காமல். பாசத்தில் செய்தீர்கள். ஆனாலும் கேட்கவில்லை.

நானும் ஒன்றை மறைத்தேன். பழைய சமையற்காரர் இனி வரப்போவதில்லை. என்னையே நிரந்தரமாக இருக்கச் சொன்னார்கள். டிசம்பர் கடைசியிலேயே சரி என்று சொல்லிவிட்டேன். பொங்கலன்று வளைவில் ஏறினது அதைச் சொல்லத்தான். கடிதத்தில் எழுதப் பயமாக இருந்தது. நீங்கள் கொடிக்காலில் இருப்பதாக அண்ணி சொன்னபோது, இன்றைக்குச் சொல்ல வேண்டாம் என்று எனக்குள்ளே ஒரு நிம்மதி வந்தது. நீங்கள் கட்டிலில் கிடந்த நேரம் அது. அதை நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை.

என் முடிவைச் சொல்கிறேன். ஏப்ரல் பதினேழாம் தேதி காலை சேலம் வந்து இறங்குகிறேன். ஒரு மாதம் இருப்பேன். உங்களை அண்ணியும் சுகன்யாவும் பார்த்துக்கொள்ளட்டும்; நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன், களி கிண்டுவேன், உங்களோடு வாசல் வரை நடப்பேன். மே நடுவில் திரும்ப மலையேறுவேன். இதில் எது உங்களுக்குச் சம்மதமில்லை என்றாலும் எழுதுங்கள். கேட்டுக்கொள்கிறேன். மாற்றிக்கொள்ள மாட்டேன்.

உங்கள் தங்கை,
சௌந்திரம்

---

பரமத்தி வேலூர்
2.4.2025

சௌந்திரம்,

சுகம். இடது கை. எழுத்து கோணும். பொறுத்துக்கொள். இதை எழுத மூன்று நாள் ஆகிறது.

உன்னைக் கேட்கவில்லை. தப்புதான்.

சுகன்யாவிடம் சொன்னது பாதி. மீதி யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளையை நீ துடைத்துவிடும்போது நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். உன் முகத்தில் ஒன்றும் இருக்காது. அந்த முகத்தோடு என் கட்டில் பக்கம் நீ வந்து நிற்பாய் என்று பயம். அதனால்தான் மறைத்தேன். உனக்காக மட்டும் இல்லை.

ஒரு மாதம் சம்மதம். மே மாதம் போ. போனால் எழுது. எனக்குக் காலையில் படிக்க வேண்டும்.

சேலத்திலிருந்து நாமக்கல் பஸ் ஏறி, அங்கே மாறி வா. வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குக் காளிதாஸைக் காரோடு வரச் சொல்லியிருக்கிறேன். நானும் வருகிறேன். கோல் ஊன்றி நிற்பேன். வாய் வலது பக்கம் இறங்கியிருக்கிறது. முதலில் நன்றாகப் பார்த்துவிடு. அப்புறம் பேசலாம்.

வெங்கடாசலம்